செல் கூடத்து ஓரகத்திகள்

அறிவியல் காட்சியகத்தில் ஒரு வேன் அளவுக்கு உயிர்ச்செல்லின் மாதிரி ஒன்று இருக்கிறது. பதினொரு வருடமாக அதன் முன்னால் நின்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கம் சொன்னவள் பெரியவள். ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. அவளுடைய கொழுந்தன் மனைவி சின்னவளோ டிக்கெட் கவுண்டரிலிருந்து விளக்கம் சொல்ல வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கிறது. வீட்டிலும் மாமியாருக்குச் சின்னவள் வைத்ததுதான் சட்டம். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

இந்த நேரம் பார்த்து, விளக்கத்தை ஒரே குரலில் பதிவு செய்து அங்கேயே ஒலிக்கவிடப் போவதாகச் சொன்னார்கள். குரலைத் தேர்ந்தெடுக்க ஒரு பேராசிரியர் வருவாராம். அது தன் குரலாக வேண்டும் என்பதைத் தவிரப் பெரியவளுக்கு வேறு ஆசையே இல்லை.

"அக்கா, புரதம் உருவாகிற இடத்துல மட்டும் தடுமாறுது. உங்க நோட்டைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று சமையலறையில் வந்து நின்றாள் சின்னவள்.

"நோட்டு எதுக்கு? நானே எழுதித் தரேன்."

நோட்டு பீரோவிலேயே இருந்தது. நகல் மட்டும் வெளியே போனது. செல்லிலும் இதே கதைதான். டி.என்.ஏ. உட்கருவை விட்டு நகராது. வேண்டிய பகுதியின் நகலாக ஆர்.என்.ஏ. மட்டும் வெளியே வரும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும். நகல் கெட்டால் புரதமும் கெடலாம். பெரியவளுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் ஒரே இடத்தில் கைவைத்தாள். மூன்று எழுத்து என்பதை இரண்டு எழுத்து என்று எழுதினாள்.

பேராசிரியர் வந்தார். முதலில் பெரியவள் பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். அடுத்துச் சின்னவள். ரைபோசோம் வந்ததும் பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மூணு எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். அடுத்த மூணுக்கு அடுத்தது. பாசிமணி கோக்கிற மாதிரிதாங்க. நடுவுல ஒரு எழுத்தை முழுங்கிட்டா, அப்புறம் வர்றதெல்லாம் கோணல்தான்!"

கூட்டம் சிரித்தது. பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அருமைம்மா. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார் பேராசிரியர்.

"அக்காகிட்டதான் சார். ஆறு வருஷமா கவுண்டர்ல உக்காந்து இவங்க சொல்றதைக் கேட்டிருக்கேன். போதாததுக்கு, கைப்பட எழுதியும் குடுத்தாங்க."

"அந்தத் தாளைக் காட்டுங்களேன்."

பெரியவளின் கண் சின்னவளின் கைப்பைக்குப் போனது.

"ஐயோ, வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேனே சார்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள் சின்னவள்.

அவளுடைய கைப்பையிலிருந்து அந்தத் தாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மடிப்பின் மேல்பக்கத்தில் 'இரண்டு' என்பதை அடித்து, சிவப்பு மையில் 'மூன்று' என்று திருத்தியிருந்தது.

குரல் சின்னவளுக்கே போனது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் அந்தத் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பெரியவள் தாங்கியிருப்பாள். இந்த மனசும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள்.