கடக்காமல் திரும்பியவர்கள்

சுப்பண்ணன் முப்பத்தொரு வருடம் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காந்திபுரத்துக்கும் துடியலூருக்கும் இடையே நின்றுகொண்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவருக்கு, ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்காரத் தெரியவில்லை. மூன்று வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் டீ குடிக்கப் போன பேக்கரியில் ஒரு வேலை கிடைத்தது. மேட்டுப்பாளையம் ரோட்டைக் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். ஒரு வாரத்து வேலை.

வேலை கொடுத்தவர் நிதா. நகர்த் திட்டமிடலில் ஆராய்ச்சி செய்யும் பெண். ஆண், பெண், முதியவர், பள்ளிக் குழந்தை என்று நான்கு கட்டம் போட்ட தாள்களைக் கொடுத்து, ஒருவர் கடந்தால் ஒரு கோடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுப்பண்ணன் பேக்கரி வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். எந்த இடத்தில் வேலை என்று வீட்டில் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் சிரமமில்லை. இரண்டாம் நாள்தான் அந்தப் பெரியவரைக் கவனித்தார். கையில் மாத்திரைச் சீட்டு, எதிர்ப்பக்கம் மருந்துக்கடை. ஒரு காலைத் தார்மேல் வைப்பார், லாரி வரும், எடுத்துக்கொள்வார். கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்த வழியே போய்விட்டார். அவருக்குத் தாளில் கட்டமில்லை.

பஸ்ஸில் இருந்த காலத்தில் கூட்டம் ஏறி வழியும்போது, ஏற முடியாமல் ஸ்டாப்பில் நின்றுபோனவர்களைப் படியிலிருந்து திரும்பிப் பார்ப்பது அவர் வழக்கம். முதலாளி கேட்பது விற்ற டிக்கெட்டை மட்டும்தான். சுப்பண்ணன் பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, 'திரும்பியவர்' என்று எழுதினார். அன்றைக்கு மட்டும் பத்தொன்பது கோடு.

தாளை வாங்க வந்த நிதா முகம் சுளித்தார். "ஃபார்ம்ல இல்லாததைச் சேர்த்தா கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதுங்க ஐயா."

"ஏத்த வேண்டாமுங்க அம்மணி. நான் எழுதி வெச்சுக்கறேன். ஆனா இவங்களும் கடக்கத்தானுங்க வந்தாங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஒன்பதே கால் மணிக்குப் பேக்கரிக்குக் கொஞ்சம் தள்ளி மயிலாத்தாள் வந்து நின்றார். சுப்பண்ணனின் மனைவி. எதிர்ப்பக்கம் இரண்டாவது சந்தில் தங்கை வீடு. செவ்வாய்தோறும் தங்கையைப் பார்த்துவிட்டு வருவது மயிலாத்தாளின் பழக்கம். கூப்பிடலாமா என்று சுப்பண்ணன் நினைத்தார். பெண்கள் பகுதியில் ஒரு கோடு போடலாம் என்று சும்மா இருந்தார்.

மயிலாத்தாள் கடக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்த்தபடி நின்றார். இரண்டு முறை இறங்கி ஏறினார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, பிள்ளையார் கோயில் பக்கமாக நடந்து மறைந்தார்.

சுப்பண்ணன் வெகுநேரம் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. அப்புறம் ஐந்தாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

மத்தியானம் மயிலாத்தாள் சோறு போடும்போது, "தங்கச்சி ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.

"சௌக்கியந்தானுங்க."

"நான் பேக்கரி வாசல்லதான் உக்காந்திருந்தேன், மயிலா."

கரண்டி அப்படியே நின்றது. மயிலாத்தாள் அதைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஆறு மாசமாச்சுங்க. முழங்கால் சட்டுன்னு எடுத்து வெக்க வரமாட்டேங்குது. பாதி ரோட்டுல நின்னுபோட்டா என்னங்க பண்றது? கோயில்ல ஒரு மணி நேரம் உக்காந்துபோட்டு வந்துருவேன். சொல்லிப்போடாதேன்னு தங்கச்சிகிட்டயும் போன்ல சொல்லி வெச்சிருக்கறேன்."

"என்கிட்டச் சொன்னா என்ன?"

"ரோட்டுலயே பொழைச்ச மனுசனுங்க நீங்க. உங்ககிட்டப் போயி, ரோட்டைக் கண்டா பயமாருக்குதுன்னு எப்படிங்க சொல்றது?"

அவருக்குச் செவ்வாய்தோறும் தங்கை வீட்டுக் கதை கேட்டு, 'உம்' கொட்டியது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் நிதாவிடம் நடந்ததைச் சொன்னார். நிதா பேக்கரியில் இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டுப் பதினொன்று வரை கூடவே உட்கார்ந்தார். அன்று திரும்பியவர்கள் இருபத்திரண்டு பேர். எழுந்துபோகும்போது, "அம்மாவைப் பார்த்துப் பேசலாங்களா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் மயிலாத்தாள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். அதிகாரிகள் பேசிக்கொண்டிருக்கும் நடைமேம்பாலத்தைக் கட்டினால் சரியாகுமா என்று கேட்டதற்கு, "படி ஏறவாங்க? அதுக்கு ரோடே தேவலை" என்றார் மயிலாத்தாள். நிதா அதையும் எழுதிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை வந்தது. அந்த வாரத்தில் திரும்பியவர்களுக்கு அதில் தனியாக ஒரு பக்கம் இருந்தது. அதிகாரிகள் கூட்டத்தில் மேம்பாலப் பேச்சு அடங்கியது. நடப்பவர்களுக்கான சிக்னல் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை. இப்போதைக்குக் காலை எட்டிலிருந்து பத்து வரை தடுப்பு வைத்து, ஒரு காவலர் வண்டிகளை நிறுத்துகிறார்.

அந்த நேரத்துக்குள் மயிலாத்தாள் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார். காவலர் வராத செவ்வாய்களும் உண்டு. அன்றைக்குக் கோயிலில் உட்காருவதில்லை. நேராக வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு முடியலைங்க" என்கிறார். சுப்பண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போகிறார்.