தென்காசிப் பாலமும் கியூபாக் கப்பலும்

1962 அக்டோபர் 25, வியாழக்கிழமை. காலை எட்டரைக்குத் திருநெல்வேலியில் தென்காசி பஸ் ஏறினேன். முப்பத்துமூன்று மைல். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். நான் பேட்டையில் மில் வேலை பார்க்கிறவன். ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. தென்காசியில் இருக்கும் தங்கச்சி இசக்கியம்மாளைக் கூட்டிவரப் போனேன்.

அவள் மாப்பிள்ளை சுடலைமுத்துவுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கிரீஸ் நாட்டுக்காரன் கப்பல். அடுத்து கியூபாவில் சீனி ஏற்றப் போகிறோம் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான். இப்போது அந்தக் கடலில் அமெரிக்காக்காரன் போர்க்கப்பல்களை வரிசையாக நிறுத்திவிட்டான். எதிரே ரஷ்யாக்காரன் கப்பல்கள் வருகின்றன. இரண்டு பேரிடமும் அணுகுண்டு. தங்கச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தகவல் வந்தது.

ஆலங்குளம் வரை வெயில். பாவூர்சத்திரம் தாண்டியதும் மேற்கே மலை தெரிந்தது. காற்று குளிர்ந்தது.

பத்தேகால் மணிக்கு ஒரு குறுகல் பாலம். ஒரு பஸ்தான் போக முடியும். இந்த ரோட்டில் இரண்டு முதலாளிகளின் பஸ்கள் ஓடுகின்றன. ஆள் பிடிப்பதில் போட்டி. எதிரே அந்தப் போட்டி பஸ் வந்தது. இரண்டும் பாலத்தில் ஏறி, முட்டுகிற மாதிரி நின்றன.

"சைடு குடுலே!" என்றார் எங்கள் டிரைவர்.

"நீ குடு. நான்லா முதல்ல ஏறுனேன்" என்றான் எதிர் டிரைவர்.

எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அவனும் அணைத்தான்.

"ரேடியோவுல சொல்லுதது இங்கனயே நடக்கு" என்றார் பக்கத்தில் இருந்த வெற்றிலை வியாபாரி. பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கால் மணி நேரம் போனது. எதிர் டிரைவர் வண்டியை எடுத்து ஒரு முழம் முன்னால் விட்டான். எங்கள் ஆளும் ஒரு முழம் விட்டார். பம்பர் உரசியது. பெண்கள் கத்தினார்கள். இரண்டு பேருக்கும் பின்னால் எடுக்கத் தெரியும். எடுத்தால் பஸ் ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். அவ்வளவுதான் சண்டை.

எங்கள் கண்டக்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, பின் டயர்ல ஏதோ சத்தம் கேக்கு. இறங்கிப் பாக்கணும்னா பாலத்துல இடம் காணாது."

டிரைவர் அவரையே பார்த்தார். பிறகு பீடியை எறிந்தார். "டயரப் பாக்கணும்னா பின்னால எடுத்துத்தான ஆவணும்."

எடுத்தார். கண்டக்டர் இறங்கி டயரை இரண்டு தட்டுத் தட்டினார். எதிர் பஸ் கடந்து போனது. அந்த டிரைவரும் சிரிக்கவில்லை. "டயர் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டான். டயரில் ஒன்றுமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பதினொன்றுக்குத் தென்காசி. தங்கச்சி மூட்டை கட்டி வைத்திருந்தாள். "ரெண்டு பேரு முட்டுனா நடுவுல உள்ளவன் என்ன ஆவான் அண்ணே?" என்றாள். பாலத்துக் கதையைச் சொன்னேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவள் மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று வெள்ளிக்கிழமை காலை குற்றாலம் போனோம். மூன்று மைல். அருவியில் நல்ல தண்ணீர். மறுநாள் தீபாவளி என்பதால் கூட்டம். குளித்துவிட்டு, ரேடியோ இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். முதலில் வடக்கே சீனாக்காரனோடு நடக்கும் சண்டை. பிறகு கியூபா. ரஷ்யக் கப்பல்கள் சில பாதிவழியில் திரும்பிவிட்டன என்றார்கள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "பயந்துட்டானோ?"

"இல்ல. டயர் பாக்கப் போயிருக்கான்."

நாலு நாளாகச் சிரிக்காதவள் தலையைக் குனிந்து சிரித்தாள். பிறகு இரண்டு இட்லி தின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைப் பிரித்தாள். "நான் வரல அண்ணே. அவுக கடுதாசி இந்த விலாசத்துக்குத்தான் வரும்" என்றாள். முறுக்குக்கு மாவு இடிக்க உட்கார்ந்தாள்.

மாலை நாலு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். அந்தப் பாலத்துக்கு முன்பே எங்கள் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். இவர் வேறு ஆள். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஒரு குரல்: "டயர் பாக்கியளா?"

"ஆமா, டயருதான்" என்றார் இவர். ஒரே நாளில் ரோடு முழுக்கப் பரவிவிட்டது.

எங்கள் மில்லில் ஒருவன் விட்டுக்கொடுத்தால் வருஷம் முழுக்கக் கேலி பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். இனி இல்லை.

இதை எழுதுகிற இன்று வரை சுடலைமுத்துவின் கடிதம் வரவில்லை. வந்தால் வாங்க, தென்காசியில் ஆள் இருக்கிறாள்.