பாலைவன மானும் அரைப் பெட்டித் தேயிலையும்

தண்ணியே குடிக்காத மிருகத்தைத் தண்ணி ஊத்திக் கழுவினவன் இந்த உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அதை முதல்லயே சொல்லிடுறேன், நடுவுல யாரும் சிரிக்க வேணாம். மத்தபடி என் வேலையில நொட்டை சொல்ல அந்தத் தோட்டத்துலயே ஆள் கிடையாது. தொரை பங்களாவுல நான் அப்பு. சமையல், மேசை, துணிமணி, கணப்பு எல்லாம் என் கையில. மூணு தொரைமாரைப் பாத்தாச்சு. அதுல ரெண்டு பேரு, வேற தோட்டத்துக்கு மாறிப் போகும்போது என்னையும் கூட வரச் சொன்னவங்க.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து நாலஞ்சு வருஷம் ஆயிருந்தாலும் டயகம பக்கத்துத் தோட்டங்கள்ல இன்னும் வெள்ளைக்காரத் தொரைமாருதான் இருந்தாங்க. மூணாவதா வந்த தொரை, லொறியிலருந்து சாமான் இறக்கும்போது எல்லாப் பெட்டியையும் எங்ககிட்ட விட்டுட்டு, ஒரே ஒரு பொட்டலத்தை மட்டும் தானே தூக்கிக்கிட்டு வந்தாரு. பிரிச்சா ஒரு மான் தலை. கழுத்தோட வெட்டிப் பாடம் பண்ணிப் பலகையில அடிச்சது. வெள்ளை மூஞ்சி, கண்ணுக்குக் கீழ கருப்புப் பட்டை, கம்பு மாதிரி நேரா ரெண்டு முழத்துக்கு ரெண்டு கொம்பு. நம்ம காட்டுல திரியிற மரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு சொன்னாரு, என் வாயில நிக்கல. நான் மணல் மான்னு வச்சேன். கொஞ்ச நாள்ல அவரும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சாரு.

நாலு மணிக்குத் தேத்தண்ணி கொண்டு போனா, கப்பைக் கையில வச்சுக்கிட்டு அந்தத் தலையப் பாத்தே பேசுவாரு. அவரோட தமிழ் வெட்டி வெட்டித்தான் வரும், ஆனா விஷயம் புரியும். யுத்த காலத்துல பாலைவனத்துல இருந்தவராம். வருஷக்கணக்கா மழை பேயாத அந்த இடத்துல இந்த மான் மந்தையா இருக்குமாம். தண்ணி கிடைச்சாக் குடிக்கும், கிடைக்காட்டி மாசக்கணக்குல அதைப் பத்தி நினைக்கவே நினைக்காதாம். பகல்ல தொட்டா நொறுங்குற புல்லு, விடியப் போற குளிர்ல காத்துல இருக்குற ஈரத்தைக் கொஞ்சம் இழுத்து வச்சுக்குமாம். அது தெரிஞ்சு, வெயில் எறங்கின பொறகும் விடியக்காலையிலயும்தான் மேயுமாம். உச்சி வெயில்ல குளம்பால மணலைத் தோண்டி, உள்ள இருக்குற குளிர்ந்த மண்ணுல வயித்தை வச்சுப் படுத்துக்கும். வெயில் சாஞ்சா காத்தடிக்கிற மேட்டுல ஏறி, மூஞ்சியக் காத்துக்குக் காட்டிக்கிட்டு நிக்கும். மூத்திரத்தைக்கூட எண்ணித்தான் விடுமாம். எங்கேயோ தூரத்துல மழை பேஞ்சா, அந்த வாடையப் பிடிச்சுக்கிட்டு நாள் கணக்கா நடந்து போய்ச் சேந்துடுமாம்.

ரொம்ப வருஷம் கழிச்சு என் மகன் ஒரு புத்தகத்தைப் படிச்சு இன்னொண்ணும் சொன்னான். வெயில் ஏறினா நமக்கெல்லாம் உடனே வேர்த்துக் கொட்டும். அந்த மான் அப்படி வேர்வையில தண்ணிய வீணாக்காதாம். காய்ச்சல்காரன் மாதிரி உடம்பு கொதிக்கக் கொதிக்க விட்டுட்டு, அந்தச் சூட்டை ராத்திரிக் குளிர்ல எறக்கி வச்சுக்குமாம். அவசரப்படாமப் பொறுத்துக்கிற அந்தப் புத்தி அன்னைக்கு எனக்கு இருந்திருந்தா இந்தக் கதையே கிடையாது.

அப்ப நான் ஒண்ணையும் நம்பல. எங்க பக்கம் ஆனி, ஆடியில துவைச்சுப் போட்ட சட்டை காய ஒரு வாரம் ஆகும். உப்பு கரைஞ்சு ஓடும், நெருப்புக்குச்சி உரசினாப் பிசுபிசுன்னு வரும். இதுல தண்ணி குடிக்காத மிருகமாம், தொரை நல்லா அளக்குறாருன்னு குசினியில போய்ச் சொல்லிச் சிரிச்சேன். மழை வாடையப் பிடிச்சு நடக்குற விஷயம் மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு. எங்கப்பா ராமநாதபுரத்துக் காஞ்ச மண்ணுலருந்து கடல் தாண்டி இந்த மலைக்கு அப்படித்தான் நடந்து வந்தாரு.

அந்த மானைச் சுட்டது தொரை இல்ல, அவரோட கூட்டாளி. சுட்ட மூணாம் மாசமே கூட்டாளி யுத்தத்துல செத்துட்டாராம். அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. அன்னைக்குத் தேத்தண்ணிய அப்படியே ஆற விட்டுட்டாரு.

அடுத்த வைகாசியில தொரை ஆறு மாச லீவுல சீமைக்குப் பொறப்பட்டாரு. பங்களாச் சாவி என் கையில. ஒரு பை நிறையப் பூச்சி உருண்டை குடுத்தாரு, துணி அலமாரிக்கும் மான் தலைக்கும் போடச் சொல்லி. வாசப்படியில நின்னு, நான் மறக்கவே முடியாத ஒரு வார்த்தை சொன்னாரு.

"அப்பு, வீடு ஒழுகினாலும் பரவால்ல. தலை கெட்டுது, நீ போ."

போன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? பத்துச்சீட்டு. அந்தச் சீட்டைக் கையில குடுத்துட்டா வேலையும் போச்சு, குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போச்சு, பொண்டாட்டி பிள்ளையோட ரோட்டுல நிக்கணும். எனக்கு அப்ப ரெண்டு பிள்ளைங்க, மூணாவது வயித்துல.

உருண்டைய நான் சும்மா போடல. காதுக்குள்ள, வாய்க்குள்ள, பின்பக்கம் பலகை சேர்ற சந்துக்குள்ள எல்லாம் திணிச்சேன். பூச்சி ஒண்ணும் வரல. ஆனா பூசணம் வந்துச்சு. ஆடி மழை பிடிச்சு, மூணு வாரம் வெயில் கண்ணுலயே படல. ஒரு நாள் ஜன்னலைத் திறந்து பாக்குறேன், மானோட வெள்ளை மூஞ்சி பச்சைப் பசேல்னு இருக்கு. உடனே சுடுதண்ணி வச்சு, சவுக்காரம் போட்டு, நாற்காலித் தோலைத் தொடைக்கிற மாதிரி சுத்தமாத் தேய்ச்சுக் கழுவிட்டேன். பூசணம் போச்சு. ஆனா உள்ள அடைச்சிருந்த வைக்கோல் தண்ணிய உறிஞ்சி, சாயங்காலத்துக்குள்ள கழுத்து உப்பிப் போச்சு.

சரி, காய வைப்போம்னு குசினி அடுப்புக்கு மேல தொங்க விட்டேன். ரெண்டாம் நாள் இடது காதுக்குப் பின்னால தோல் வெடிச்சு, விரல் நீளத்துக்கு வாயத் திறந்துக்கிச்சு. என் பொண்டாட்டி வந்து பாத்துட்டு, தாலி கட்டின என்னைக்கூட நீங்க இப்படிக் கழுவித் தொடைச்சுப் பாத்ததில்லன்னு சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. அந்த வெடிப்பைப் பாக்கப் பாக்க, ரோட்டுல கிடக்குற எங்க பாய், சட்டி, தகரப்பெட்டிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. எனக்குப் பயமா இருந்துச்சு, சொல்றதுக்கு என்ன வெட்கம்.

ஆனா நான் மூலையில குந்திக்கிட்டு அழுற ஆள் இல்ல. முற்றத்துல நின்னு யோசிச்சேன். தண்ணி அதுக்கு ஆகல. நெருப்பும் ஆகல. அப்ப அது எதுல பிழைச்சுது? தொரை தினம் நாலு மணிக்குச் சொன்னதெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. வெயிலுக்குப் பயந்து ஒதுங்குற மிருகம், காத்தைத் தேடிப் போய் நிக்குது. அதுக்கு வேணுங்கிறது காஞ்ச காத்து. அந்த மழையில மலை முழுக்கக் காத்துதான், எல்லாம் ஊறின காத்து. காஞ்ச காத்து அடிக்கிற இடம் மொத்தத் தோட்டத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, தேயிலை ஸ்டோரோட, அதான் பேக்டரியோட, மேல்மாடி. கொழுந்தைச் சாக்குத் தட்டுல பரப்பி வச்சு, கீழ இருக்குற அடுப்போட வெதுவெதுப்பைப் பெரிய பெரிய காத்தாடி வச்சு இழுத்து, வாட்டுற இடம்.

ஸ்டோருக்குப் பொறுப்பு டீமேக்கர் ஐயா. கோபக்காரரு, ஆனா மனுசன். மான் தலைய மேல கட்டணும்னதும் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. கொழுந்து பக்கத்துல இருக்குற எந்த வாசத்தையும் இழுத்துக்கும், வெங்காயம் தின்ன ஆளைக்கூட மேல ஏத்த மாட்டேன்னாரு. கொழுந்து இல்லாத நேரமாப் பாத்து வைக்கலாமேன்னு கேட்டேன். கொழுந்து இல்லாம காத்தாடிய ஓட்ட உங்கப்பனா விறகு தர்றான்னாரு. நான் என் பொண்டாட்டி மாசமா இருக்குறதைச் சொன்னேன், தொரை சொன்னதைச் சொன்னேன். அந்தத் தலையில வாசமே இல்ல, வேணும்னா மோந்து பாருங்கன்னு சத்தியம் பண்ணேன். அவருக்கு அன்னைக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஏத்தி ஞாயித்துக்கிழமை காலையில எறக்கிடணும்னு ஒத்துக்கிட்டாரு.

சாக்குல சுத்தித் தூக்கிட்டுப் போய், கடைசிக் காத்தாடிக்கு எதிர்ல, மூஞ்சி காத்தைப் பாக்குற மாதிரி கட்டினேன். காலையில போய்ப் பாத்தா, சாமி சத்தியமா, கழுத்து வத்தி, முடி எழும்பி, தொரை கொண்டு வந்த அன்னைக்கு இருந்த மாதிரி நிக்குது. பங்களாவுக்குக் கொண்டு வந்து வெடிப்பை வெள்ளை நூலால தைச்சேன். முடியத் தள்ளிப் பாத்தாத்தான் தையல் தெரியும். என்னை மாதிரி ஒரு ஆள் ஏழு தோட்டத்துல தேடினாலும் கிடைக்க மாட்டான்னு அப்ப நினைச்சேன்.

அன்னைக்கு மத்தியானமே டீமேக்கர் ஐயா குசினி வாசல்ல வந்து நின்னாரு. கையில இருந்த அரைச்ச கொழுந்தை என் மூக்குக்குக் கீழ நீட்டினாரு. பூச்சி உருண்டை வாடை. காதுலயும் வாயிலயும் திணிச்சதை நான் எடுக்கவே இல்ல. மூணு மாசமா அதுலயே புழங்கி என் மூக்குக்கு அது வாசமாவே தெரியல. கடைசிக் காத்தாடிப் பக்கத்துக் கொழுந்து மட்டும்தான் கெட்டிருக்குன்னு சொன்னாரு. அதைத் தனியா அரைச்சுக் காய வச்சு, ஒரு பெட்டியில அரைவாசிக்குப் போட்டு, ஸ்டோர் மூலையில தள்ளி வச்சாரு. என்னை அவரு திட்டவே இல்ல, அதுதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

கார்த்திகையில தொரை வந்தாரு. தொப்பியக்கூடக் கழட்டாம நேரா மான்கிட்டப் போய், கழுத்தைத் தடவிப் பாத்து, என் பக்கம் திரும்பித் தலைய ஆட்டினாரு. எனக்கு அரை உசுரு திரும்பி வந்துச்சு.

மறுநாள் காலையில ஸ்டோர்ல ருசி பாக்குறாரு. வரிசையாக் கப்பு வச்சு, ஒவ்வொண்ணையும் உறிஞ்சி, வாயில சுத்தித் துப்பிடணும். அதுக்குப் பங்களாவுலருந்து பால் கொண்டு போறது என் வேலை. பெட்டிக்கு ஒரு கப்பு வச்சே ஆகணும், மூலையில கிடந்த பெட்டியும் தப்பல. அந்தக் கப்பை உறிஞ்சினவரு துப்பிட்டு நிமிர்ந்தாரு. இது என்னன்னு டீமேக்கர் ஐயாவைக் கேட்டாரு.

"என் கைப்பிழை சார்," அப்படின்னாரு டீமேக்கர் ஐயா.

தொரை மூஞ்சி செவந்து போச்சு. இத்தனை வருஷ சர்வீஸ்காரனுக்கு இதுகூடத் தெரியாதான்னு ஆரம்பிச்சாரு. அந்த மனுசன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு, என் பக்கம் ஒரு பார்வை பாக்கல. நான் வாயத் திறக்காட்டி என் காம்பரா எனக்கு. திறந்தா, பத்துச்சீட்டு. பால் செம்பைக் கீழ வச்சேன்.

"அவரு பிழை இல்ல தொரை. அது உங்க மானோட வாசம். நான்தான் மேல கொண்டு போய்க் கட்டினேன்."

கழுவினதுலருந்து தைச்சது வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன். முடியிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்புறம், அடுப்பை விட்டுட்டு ஏன் காத்துன்னு மட்டும் கேட்டாரு. அது காத்தைப் பாத்து நிக்கும்னு தொரைதானே சொன்னீங்கன்னேன்.

தொரை அப்புறம் அதே கப்பைத் திரும்ப எடுத்து ஒரு வாய் குடிச்சாரு. இந்தத் தடவை துப்பல, முழுங்கினாரு. மிச்சத்தையும் குடிச்சு முடிச்சாரு.

"இது கொழும்பு ஏலத்துக்கு வேணாம், பங்களாவுக்கு அனுப்பு," அப்படின்னு டீமேக்கர் ஐயாகிட்டச் சொல்லிட்டு, என்னைப் பாத்தாரு. "முடியிற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இதைத்தான் குடிக்கிறோம், அப்பு."

ரெண்டு ஆள் தூக்கிட்டு வந்து குசினியில பெட்டிய எறக்கினாங்க. நடந்ததையெல்லாம் பொண்டாட்டிகிட்டச் சொல்லி, தண்டனையப் பாத்தியா, தினம் இந்த நாத்தத்தைக் குடிச்சுச் சாகணும்னேன். அவ ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு, மூடியத் திறந்து, தூளுக்குள்ள முழங்கை வரைக்கும் கையவிட்டு ஆழம் பாத்தா. எனக்கு அதுவரைக்கும் உறைக்காத ஒண்ணு அவளுக்கு உறைச்சிருச்சு.

"ஏங்க, இது முடியிற வரைக்கும் நம்மள யாரும் போகச் சொல்ல மாட்டாங்க. அரைக் கரண்டியாப் போட்டுக் காய்ச்சுங்க."