காலி மனையில் புதைத்தவை

சென்னைக்கு வெளியே படூரில் குடியேறிய வருடம் என் கணவர் அமெரிக்காவில் இருந்தார். அங்கே ஒரு பெரிய கடை நிறுவனத்துக்கு, எந்தச் சரக்கு எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ப்ரோக்ராம் எழுதுவது அவர் வேலை. அதே கடையில் டயப்பர் பாக்கெட்டுகளை வாங்கி, ஊருக்கு வரும் நண்பர்களிடம் கொடுத்தனுப்புவார். "பில் போட்டதும் அது எங்க ஸ்கிரீன்லேருந்து போயிடும்" என்று ஒருமுறை போனில் சொன்னார். போனதெல்லாம் என்னிடம் வந்தது.

மகளுக்கு எட்டு மாதம். மூன்றாவது மாடியில் நானும் அவளும் மட்டும். சில நாட்கள் அவளைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். துணி கட்டினால் ஈரத்தில் சளி பிடிக்குமோ, டயப்பர் போட்டால் புண் வருமோ என்று இரண்டுக்கும் பயந்தபடியே டயப்பரைப் போட்டேன்.

குப்பை வண்டி அப்போது எங்கள் பக்கம் வராது. பின்சுவர் ஓரம் கொட்டி வாட்ச்மேன் கொளுத்துவார். டயப்பர் எரியாமல் புகைந்தது. நாற்றம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டு அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல், எல்லோரும் கண்ணயரும் மதியத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொத்தனார் விட்டுப்போன கரணையால் பக்கத்துக் காலி மனை மணலில் குழி பறித்துப் புதைத்தேன்.

நான் தத்துவம் எம்.ஏ. ஒரு செயல் சரியா என்று அறிய, எல்லோரும் அதையே செய்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும் எனப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். குழியை மூடும்போது அது ஞாபகம் வரும். மனை பெரியதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை பால்கனியிலிருந்து பார்த்தேன். மனை முழுக்கத் தண்ணீர். அதில் வெள்ளை வெள்ளையாக, சின்னத் தலையணைகள் போல ஊதி மிதந்தன.

பத்து மணிக்கு கேட்டில் சத்தம். மனைக்கு அந்தப்புறம் குடிசை போட்டு ஆடு வளர்க்கும் பெண்.

"எந்த வூட்டுதுன்னு சொல்லுய்யா! ஆடு வயிறு உப்பிப் படுத்துக்கினு கீது. மாட்டு டாக்டரு இன்னா துன்னுச்சின்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்றது?"

"கட்டட வேலைக்கு வந்தவங்க போட்டதும்மா" என்றார் வாட்ச்மேன்.

"யோவ், அதுங்க புள்ளைங்களுக்கு அரணாக்கயிறு வுட்டா இன்னாய்யா கீது?"

கீழ்வீட்டு அம்மா நிமிர்ந்து என் பால்கனியைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். சொல்லிவிட்டால் இந்தக் கட்டடத்தில் தனியாக எப்படி இருப்பது? சொல்லாவிட்டால் ஆடு. கணவருக்கு அது தூங்கும் நேரம். கடைசியில் புது டயப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு குழந்தையோடு இறங்கினேன்.

"என்னுதுதான் அக்கா. மன்னிச்சிடுங்க. டாக்டர்கிட்ட இதைக் காட்டுங்க."

ஆட்டுக்காரப் பெண் அதைப் பல்லால் கடித்துக் கிழித்தார். உள்ளே ரவை மாதிரி இருந்ததன் மேல் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். கூழாகப் பொங்கியது.

"மூத்திரத்துக்கா இம்மாம் வேலை பண்ணிக்கீறாங்க? எங்க ஏரிய மண்ணு கொட்டி மூடுனப்போகூட தண்ணி இவ்ளோ சீக்கிரம் காணாம போவல."

அவர் மட்டும் சிரித்தார். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஆடு மறுநாள் செத்தது. அதற்குப் பின் அவர் மனைப்பக்கம் ஆடுகளை விடவில்லை. எதிரே வந்தாலும் என்னைப் பார்ப்பதில்லை. தண்ணீர் வடிந்ததும் எல்லாவற்றையும் பொறுக்கினேன். நான்கு காலி சிமெண்ட் சாக்குகள் நிறைந்தன. வாட்ச்மேன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் எங்கோ கொண்டுபோனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

"இனி அனுப்பாதீங்க" என்று போனில் சொன்னேன்.

"ஒரு ஆட்டுக்காகவா?" என்றார் கணவர்.

போன மாதம் வீடு மாறினோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். பரணில் ஆறு பாக்கெட் பிரிக்காமலே இருந்தன.

"இது வேணாமில்ல மேடம்? தூக்கிப் போட்டுடவா?" என்றார் சாமான் ஏற்ற வந்தவர்.

"எங்கே போடுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, அவற்றையும் லாரியில் ஏற்றினார்.