கரண்டிச் சுத்தம்

மஞ்சள் தொட்டியின் மூடியைத் தூக்கினால் புளித்த பால் வாசம் வரும். எங்கள் அடுக்ககத்தின் நிலவறையில், சைக்கிள்களுக்குப் பின்னால், நான்கு தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. காகிதத்துக்கு நீலம், சமையலறைக் கழிவுக்குப் பழுப்பு, எதிலும் சேராததற்குக் கறுப்பு, பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் மஞ்சள். ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த முதல் வாரம், கையில் பையோடு படியிறங்கிப் போய் அந்த மூடியைத் தூக்கினேன். வாசம் எழுந்து முகத்தில் மோதியதும் "அக்கா" என்றேன். யாருமில்லாத நிலவறையில், குளிரில், வாய் தானாகச் சொன்னது. கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து கஸ்தூரி அக்கா வீட்டுக்குள் நுழையும்போது வருகிற வாசம் அது. அவள் குளித்து, சீயக்காய் தேய்த்து, பவுடர் பூசிய பிறகும் காதோரத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்த வீட்டில் மீன் வாசம் ஏரிக்கு வலை கொண்டுபோகும் மாமாவுடையது, புளித்த பால் வாசம் அக்காவுடையது. பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் சோறு தின்றிருக்கிறேன். எந்த ஊர் மாட்டின் பால் அது என்று கேட்கத் தோன்றியதில்லை.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்களுக்கும் என்னைப் பற்றி ஒரு வரி. மனைவி மருத்துவமனையில் செவிலியர். அவள் விசாவின் பின்னால் வந்தவன் நான். தொழிற்பேட்டையில் எலக்ட்ரீசியனாக இருந்தவன், இங்கே ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். அங்கேயும் தொட்டிகள்தான், வீட்டைவிட மூன்று அதிகம். குடியிருப்பு என்றாலும் கடை என்றாலும் ஆலை என்றாலும் பிரித்துத்தான் போட வேண்டும். மனமிருந்தால் செய்வதல்ல, சட்டம். தவறாகப் போட்டால் குப்பை வண்டிக்காரர்கள் தொட்டியின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு அப்படியே விட்டுப் போவார்கள். அடுத்த வண்டி வரும்வரை கட்டடம் முழுக்க ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்ளும். பார்வை சுற்றி வந்து கடைசியில் என்னிடம் நிற்கும்.

நான் கழுவித்தான் போட்டேன், ஆரம்பத்தில். தயிர் டப்பா, கிரீம் டப்பா, தக்காளி அடைத்து வந்த தகர டின், எல்லாவற்றையும் வெந்நீரில் சோப்பு போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்து, காய்ந்த பிறகு கீழே கொண்டுபோவேன். கீழ்த்தளத்து ஃப்ராவ் கெல்லர் ஒருநாள் என் பைக்குள் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, கட்டடத்தின் சட்டமெல்லாம் அவர் விரல் நுனியில். பளபளக்கும் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லோஃபல்ரைன்" என்றார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு ஸ்பூனோடு வந்தார். டப்பாவுக்குள் விட்டு மூன்று சுற்று வழித்துக் காட்டி, "இவ்வளவுதான், முடிந்தது" என்று கையை உதறினார். கரண்டியால் வழித்தெடுத்த அளவு சுத்தம் போதும், அதற்குமேல் கழுவுவது தண்ணீருக்குக் கேடு. அதற்கென்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்.

ஸ்பூனால் வழித்த டப்பா எச்சில் டப்பா இல்லையா? எச்சிலை எப்படி இன்னொருவர் கையில் கொடுப்பது? இதை அவருக்குச் சொல்லப் பார்த்தேன். எச்சிலுக்கு ஜெர்மனில் என்ன என்று கைபேசியில் தேடினால் "ஷ்பைஷல்" என்று வந்தது, கேட்க ஸ்பெஷல் போல. தொட்டியைக் காட்டி, அவரைக் காட்டி, "ஷ்பைஷல், ஷ்பைஷல்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தொட்டிக்குள் துப்புகிறவர் என்று அவரை நான் சொன்னதாக எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் காலை வணக்கம் இல்லை. நாம் எச்சில் என்று சொல்லும்போது அதற்குள் ஒரு வீடு, ஒரு பந்தி, கழுவாத ஒரு தம்ளர், அதைத் தொடத் தயங்கும் ஒரு கை எல்லாம் இருக்கின்றன. அவர்கள் சொல்லுக்குள் வாயில் ஊறும் நீர் மட்டும்தான் இருந்தது.

பிறகு சமாதானமாகி, பொறுமையாக விளக்கினார். "நீங்கள் கழுவ வேண்டாம். அங்கே கழுவிக்கொள்வார்கள்." அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேன்டீனிலும் அதையே சொன்னார்கள். இந்த ஊர்க்காரனாக வேண்டுமென்கிற ஆசையில் நானும் கழுவுவதை விட்டேன். ஸ்பூனால் மூன்று சுற்று. இவ்வளவுதான், முடிந்தது.

அக்கா வேலை பார்த்த இடம் நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. காகித ஆலைக்காகக் கடல் தாண்டி வரும் பண்டல்களை அங்கேதான் பிரிப்பார்கள். கம்பி கட்டிய, ஆள் உயரப் பண்டல். பெயர்தான் காகிதம், கம்பியை வெட்டினால் உள்ளே உலகமே அமுங்கிக் கிடக்கும். டப்பா, டின், குழந்தையின் ஒற்றைச் செருப்பு, பாதி தின்ற ரொட்டி. பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து பொறுக்குவார்கள். கையுறை கொடுத்தாலும் போட மாட்டார்கள். வெறும் தாளா, மெழுகு பூசிய தாளா என்பதை விரல்தான் சொல்லும், கையுறைக்குத் தெரியாது. "இன்னிக்கி எந்த ஊரு எச்சிலுடி?" என்பதுதான் அவர்கள் காலை வணக்கம். பீர் நாறினால் ஓர் ஊர், காப்பி நாறினால் ஓர் ஊர் என்று அவர்களுக்குள் ஒரு பூகோளமே உண்டு. நான் இங்கே வந்த பிறகு அக்கா அடிக்கடி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள். அழுக்கு டப்பா, அதைப் பிடித்திருக்கும் கட்டைவிரல், பின்னாலேயே அவள் குரல். "இது உன் ஊரு எழுத்தா பாருடா. ரெண்டு புள்ளி வச்ச ஓ கீது." பார்ப்பேன். சிலது வேறு ஊர். சிலது என் தெருமுனைக் கடையில் விற்பது. அதையெல்லாம் வேறு ஊர் என்றே பதில் போட்டேன்.

ஒருநாள் போன் வந்தது. "ரெண்டு வெரலு எடுத்துட்டாங்க நைனா. மோதிர வெரலு இல்ல, பயப்படாத." எங்கள் பக்கத்தில் தம்பியையும் நைனா என்பார்கள், செல்லமாக. அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. டின்னின் மூடி கிழித்த சின்னக் காயத்தை மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள், ஒரு மாதம். லீவு போட்டு ஓடினேன். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடு விரலும் இல்லை. அந்தக் கையோடு மறுபடி கொட்டகைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கட்டு ஈரமாக இருந்தது.

"வேலைய உடுக்கா. நான் பாத்துக்கிறேன்."

"நீ இன்னா பாத்துப்ப? ஊட்ல குந்திகினு கூரையவா பாக்கறது? எட்டு மணிக்கி ஷேர் ஆட்டோல ஏறினா சாயங்காலம் வரிக்கும் சிரிச்சிகினு கீறோம்."

"கை புண்ணு ஆறலியே."

"இத்தினி வருசம் ஊரு எச்சிய சோத்துக் கையால பொறுக்கினேன் பாரு, அது தப்பு. இப்ப பீச்சாங்கையால பொறுக்குறேன். இதான் மொற." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வலையைத் தைத்துக்கொண்டிருந்த மாமா நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மெல்லச் சொன்னாள். "தகரம் கிழிச்சது இத்தினூண்டுதான்டா. அதுல ஒட்டிகினு இருந்த அழுகல்தான் உள்ள பூந்துட்ச்சி. போட்டவன் ஒரு தண்ணி ஊத்திப் போட்டிருந்தான்னா ஒண்ணும் ஆயிருக்காது."

வாசலில் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை. அங்கேயும் இப்போது சட்டம் வந்துவிட்டது. அக்கா எழுந்து, பிரித்து வைத்திருந்த இரண்டு வாளிகளையும் ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனாள். அவள் வீட்டுப் பால் கவர்கள் கழுவிக் காயவைத்து மடித்திருந்தன.

நான் திரும்பி வந்த நான்காம் மாதம் புண் மேலேறி, கை போய், பிறகு அக்காவும் போனாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொட்டகைப் பெண்கள் அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். அவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது பந்தல் முழுக்கப் புளித்த பால் வாசம்.

இப்போது கழுவுகிறேன். என் வீட்டு டப்பாக்களை, கேன்டீனில் யாரும் பார்க்காத நேரத்தில் அங்கத்து டின்களை. நான் போட்டது எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது. அக்காவைக் கிழித்த டின் என்னுடையதாக இருக்க முடியாது என்று அறிவுக்குத் தெரிகிறது. விரல்களுக்குத் தெரியவில்லை, அவை தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. குழாய்ச் சத்தம் கேட்டு ஃப்ராவ் கெல்லர் போன மாதம் படியேறி வந்து கதவைத் தட்டினார். கழுவ வேண்டாமென்று சொன்னேனே என்றார். என் அரைகுறை ஜெர்மனில், "என் அக்காவுக்காக" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, அக்கா வந்திருக்கிறாரா? அப்படியானால் சரி. என் வணக்கத்தைச் சொல்லுங்கள்." சொல்கிறேன் என்றேன்.

சன்னலோரத்தில் ஒரு தயிர் டப்பா இருக்கிறது. அதன் ஜெர்மன் எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. உள்ளே இறால் பொடி, அடியில் இரண்டு ஸ்பூன் மிச்சம். தீர்ந்தால் அதை எந்தத் தொட்டியில் போடுவதென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது புறப்பட்டது இந்த ஊரில், கழுவப்பட்டது அந்த ஊரில். விரல் போனபோது போட்ட லீவு முடிந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில், சென்னைக்குப் போகும் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது, அக்கா அதைத் தன் பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

"உன் ஊரு டப்பாதான். உன் ஊருக்கே எடுத்துகினு போ."

முகர்ந்து பார்த்தேன். இறால் வாசம் மட்டும்தான்.

"எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு கழுவின டப்பா வரும்டா. சோப்பு வாசன கூட அடிக்கும். நான் எடுத்து எல்லார்க்கும் காட்டுவேன், பாருங்கடி, இது என் தம்பி போட்டதுன்னு. அவளுங்க நக்கல் பண்ணுவாளுங்க." என் முகத்தைப் பார்த்தாள். "நீ கழுவித்தான போடுற?"

தூரத்தில் ரயிலின் ஹாரன் கேட்டது.

"கழுவித்தான்க்கா போடறேன்."

"அப்ப சரி. வண்டி வந்துட்ச்சி நைனா, ஏறு."