எங்கள் தெருவின் சராசரி விலை

தீவில், ஷாதிபூரில் இருக்கும் எங்கள் வீட்டை மதிப்பிட வங்கி அனுப்பியவர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். மகளுக்குக் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. வீட்டை அடமானம் வைத்தால்தான் அவ்வளவு கடன் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் முதல் கட்டணம் கட்டியாக வேண்டும். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடி ஏறினார், அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். சிமென்ட், கம்பி, டைல்ஸ் எல்லாம் கப்பலில் வந்து இறங்கிய வீடு இது என்று சொல்லிக்கொண்டே பிடித்தேன். தலையாட்டினார்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

ஒரு மாதமாக நான் வீட்டு விலைச் செய்திகளாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரில் ஏறியது, எந்த ஊரில் இறங்கியது என்று வண்ணம் தீட்டிய வரைபடம் ஒன்றை மகள் போனில் காட்டினாள். மெயின்லேண்ட் முழுக்க வண்ணம். எங்கள் தீவுகள் மட்டும் சாம்பல் நிறம். கீழே, ‘போதிய தகவல் இல்லை’. மீன் வாங்கப் போகிற இடத்தில் கேட்டாலே யார் வீடு என்ன விலைக்குப் போனது என்று சொல்லிவிடுவார்கள். அது தகவல் இல்லையாம்.

வங்கிக்குப் போனேன். அதே மதிப்பீட்டாளர் அங்கே இருந்தார். பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எங்கள் பக்கத்தில் கடைசியாகப் பதிவான மூன்று விற்பனைகளை எடுத்துச் சராசரி பார்த்திருக்கிறார். ஒன்று, அண்ணன் தங்கைக்குப் பேருக்கு ஒரு விலை வைத்து எழுதிக் கொடுத்தது. இன்னொன்று, பங்காளிச் சண்டையில் கிடந்த தகரக் கூரை வீடு. மூன்றாவது எங்கள் அடுத்த வீடு. இந்த மூன்றையும் கூட்டி வகுத்தால் என் வீடு வந்துவிடுமாம். இருபது வருடமாக அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எனக்குச் சராசரி சொல்லித் தருகிறார்.

அடுத்த வீடு பத்திரத்தில் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்குப் போனது என்றேன். எப்படித் தெரியும் என்றார். நானே கூட இருந்தேன் என்றேன். அவர் பத்திர நகலின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். இரண்டாம் சாட்சி நான்.

“மேடம், காகஜ் மே ஜோ ஹை, வஹீ ரேட் ஹை,” என்றார். காகிதத்தில் இருப்பதுதான் விலை. மரியாதையாகத்தான் சொன்னார்.

எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். அரசு குறித்த குறைந்தபட்ச விலையைப் பத்திரத்தில் எழுதிவிட்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். முத்திரைக் கட்டணம் மிச்சம். பத்திரம் பதிந்த அன்று அடுத்த வீட்டை வாங்கியவர் கூப்பிட்டார், போனேன், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன்.

வங்கியிலிருந்து வந்த அன்று மாலை அவரிடமே போய் நின்றேன். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், சின்ன கான்ட்ராக்டர். கொடுத்த விலையை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன்.

“அக்கா, எழுதிக் குடுத்தா மாட்டுறது நான் மட்டுமா? சாட்சின்னு நீங்கள்ல கையெழுத்துப் போட்ருக்கீக.”

“பொண்ணு படிப்பு, தம்பி.”

“புரியுதுக்கா. நாளைக்கு உங்க வீட்டை வித்தா, நீங்க நெச வெலையவா எழுதப் போறீக?”

எங்கள் வீட்டுப் பத்திரத்திலும் பாதி விலைதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் போனை எடுத்து அந்தச் சாம்பல் நிறத்தை மறுபடி பார்த்தாள்.

“தகவல் இல்லாம இல்லம்மா. நீங்கல்லாம் சேர்ந்து குடுக்கல.”

வியாழக்கிழமை வங்கியில், ‘இந்த மதிப்பை ஏற்கிறேன்’ என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கிடைக்கும் கடன் முதல் இரண்டு வருடத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகு என்று கணவர் ஆரம்பித்தார். தெரியாது என்றேன். கட்டணம் கட்டிய ரசீது அன்றே மகள் போனுக்கு வந்துவிட்டது. அவள் அதைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.