எதிரணி தந்த அவித்த முட்டை

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு மைதானத்தில் பெண்களுக்கான பெத்தாங் போட்டி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், இது பிரெஞ்சுக்காரர்கள் எங்களிடம் விட்டுப்போன விளையாட்டு. சின்ன மரக்குண்டு ஒன்றை வீசிவிட்டு, அதற்கு மிகக் கிட்டே யார் இரும்புக்குண்டைப் போடுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. கிட்டே கிடக்கும் எதிரணிக் குண்டை அடித்து விரட்டவும் செய்யலாம். எங்கள் அணியில் அந்த அடிக்கிற வேலை எனக்கு.

நான், என் நாத்தனார், எதிர்வீட்டுப் பெண் என்று மூன்று பேர். எனக்குத் தோற்கவே பிடிக்காது. பல்லாங்குழியில் தோற்றால்கூடச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் கொஞ்ச காலமாகத் தோற்றுக்கொண்டே இருந்தேன். காலை ஆட்டத்தில் குறி பிசகாது. வெயில் ஏறினால் கை நடுங்கும், குண்டு எங்கேயோ போகும். நாற்பத்தாறு வயதாகிறதே, அவ்வளவுதான் என்று எங்கள் பெத்தாங் கிளப்பில் பேசிக்கொண்டார்கள். என் இடத்துக்கு ஒரு கல்லூரிப் பெண்ணை எடுக்கப்போவதாகவும் காதில் விழுந்தது. நானோ கண்திருஷ்டி என்று நம்பி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அரையிறுதி. எதிரணிக்குத் தலைவி ஒரு முஸ்லிம் அக்கா. துணிக்கடை நடத்துகிறவர், கல் மாதிரி ஆடாத கை. ஆட்டத்தின் நடுவில் குண்டைத் தூக்கினேன், கண் இருட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஓடி வந்தது அந்த அக்காதான்.

"காலைல இன்னாம்மா சாப்ட்ட?"

"சர்ச்சுல பூசைக்கு முன்னாடி சாப்ட மாட்டேன்க்கா. அங்கிருந்து நேரா இங்க வந்து டீ குடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு டீ."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நடுவரிடம் கொஞ்சம் நேரம் கேட்டுவிட்டு, தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவித்த முட்டையையும் காராமணி சுண்டலையும் என் கையில் வைத்தார். வெட்கத்தில் வேண்டாம் என்றேன். "சாப்டு. மயக்கம் போட்டவள ஜெயிச்சேன்னு ஊர்ல சொல்லிக்க முடியாது" என்றார். சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. ஆனாலும் தோற்றோம். போகும்போது, "அடுத்த வருஷம் ஒழுங்கா சாப்ட்டுட்டு வா, அப்ப பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே டாக்டரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது. காலையில் எல்லாருக்கும் இட்லி அவித்துப் போட்டுவிட்டு நான் மட்டும் டீயோடு ஆபீசுக்கு ஓட்டம். மதியம் குவித்த சோறு, மேலே ரசம். மீன் குழம்பு வைத்தால் துண்டெல்லாம் கணவருக்கும் பிள்ளைகளுக்கும், எனக்குச் சட்டியை வழித்த குழம்பு. சாப்பிட்ட கையோடு மறுபடி டீ. சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்புச்சத்தையும் அந்த டீ உடம்பில் சேரவிடாது என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் என்னை யாரும் பட்டினி போடவில்லை, நானேதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாத்திரையோடு சாப்பாட்டையும் மாற்றினேன். காலையில் இட்லியோ கேழ்வரகுக் கூழோ, எதுவானாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். முருங்கைக்கீரை, சுண்டல், வேர்க்கடலை எல்லாம் வாரத்தில் பாதி நாள் இருக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நல்ல இடைவெளி விட்டேன். பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட்டு முடித்தால் போதும் என்று பங்குச் சாமியார் பல வருஷமாகச் சொல்லிவந்ததும் இப்போதுதான் காதில் ஏறியது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் வந்த ஒரு நாள், "இன்னா, துண்டு கொறையுது?" என்றார் கணவர். "வீட்ல ஒரு ஆள் கூடியிருக்கு" என்றேன். அவர் புரிந்துகொண்டு, தன் தட்டிலிருந்த பெரிய துண்டையும் என் பக்கம் தள்ளினார்.

சில மாதங்களில் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. முடி கொட்டுவது குறைந்தது. என் எரிச்சல்கூடக் குறைந்துவிட்டதாகப் பிள்ளைகள் சாட்சி சொன்னார்கள். கிளப்பில் மட்டும் என்னை நீக்குவதிலேயே குறியாக இருந்தார்கள். "அண்ணி இல்லன்னா நானும் இல்ல" என்று நாத்தனார் நின்றதால், இன்னும் ஒரே ஒரு போட்டி என்று விட்டுக்கொடுத்தார்கள்.

அடுத்த கோடை, அதே போட்டி. இந்த முறை இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டோம், எதிரில் அதே அக்கா. உச்சி வெயில். இரண்டு பக்கமும் பன்னிரண்டு புள்ளி, பதின்மூன்று எடுப்பவருக்குக் கோப்பை. அக்காவின் குண்டு மரக்குண்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதற்கு அடுத்தபடியாக நாத்தனாருடையது. மிச்சம் இருந்தது என் கையில் ஒரே ஒரு குண்டு. கையைப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. எறிந்தேன். டங்கென்று ஒரு சத்தம். அக்காவின் குண்டு எகிறிப் போனது. நாத்தனார் என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் தாலிச் சங்கிலி அறுந்ததைக்கூட அப்புறம்தான் பார்த்தோம்.

அக்கா வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "உனக்குப் போயி முட்டைய குடுத்தேன் பாரு" என்றார். அழுகையும் சிரிப்புமாக அவரைக் கட்டிக்கொண்டேன்.

இன்னமும் அடிக்கிற இடம் எனக்குத்தான், கிளப்பில் யாரும் வயசுப் பேச்சை எடுப்பதில்லை. உடம்புக்காகச் சாப்பிடு என்று யார் சொல்லியும் கேட்காத நான், ஜெயிப்பதற்காகச் சாப்பிட உட்கார்ந்தேன்; உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருஷமாக எனக்கும் பசித்துக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது.